ஆறு மாதம் ஆறட்டும்

மொந்தேவிதேயோவில் ஜூலை.
ஆறா கடலா என்று இன்னும் தீர்மானிக்காத பழுப்புத் தண்ணீர்
கரைச்சுவரில் ஏறி இறங்குகிறது.
நிடியா எச்செகொய்யென்
சுடுநீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கியபடி
பதிவகக் கதவைத் தோளால் தள்ளுகிறாள்.
மேசையில் ஒரு மரணம்:
மெந்தோசாவில் ஒரு சுற்றுலா நிறுவனம்.
மூன்று வருடச் சந்தா பாக்கி,
எடுப்பாரில்லாத தொலைபேசி.
விட்டுப்போன சொத்து
இருநூற்று ஐம்பத்தாறு எண்கள்.

உலகத்துக்கே நானூற்று இருபத்தொன்பது கோடி
என்று ஒரு காலத்தில் யாரோ கணக்குப் போட்டார்கள்.
போதும் என்று பென்சிலைக் கீழே வைத்தார்கள்.
முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு
இலைக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் விழுந்தது.
சிலர் இன்னும் இலையை மூடவில்லை.
கடைசிப் பந்தி
கை கழுவிவிட்டு நிற்கிறது.

நிடியா உடனே தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள்.
ஆறு மாதம் ஆற வேண்டும்.
பழைய பெயர் உதிர,
அந்த எண்களிலிருந்து எவனோ அனுப்பிய
மோசடி மடல்களின் பழி கரைய,
வழிகாட்டும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் மறக்க.
நாட்காட்டியில் ஜனவரியைச் சுழித்துவிட்டு
வரிசையில் அடுத்தது யார் என்று பார்க்கிறாள்.

பொலிவியா.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காலாபம்பா.
செவெரோ கோண்டோரியின் ஒற்றைக் கம்பம்,
நூற்றுத் தொண்ணூறு வீடு, ஒரு பள்ளி, ஒரு மருத்துவ நிலையம்,
எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகவரி.
முகத்துக்கு ஒரு வரி என்று பிரித்துப் பார்க்கலாம் அந்தச் சொல்லை.
இங்கே முகம் அறுநூறு,
வரி ஒன்று.
ஒரு பையன் விளையாட்டில் கள்ளாட்டம் ஆடினான்,
ஊரையே தள்ளி வைத்துவிட்டார்கள்.
செவிலி லுஸ்மிலா தடுப்பூசிக் கணக்கை அனுப்பப் போனால்
நீ இயந்திரமா என்கிறது திரை.
போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தொடு என்கிறது.
காலாபம்பாவில் ஏது விளக்கு?
லாமாக்கள் நின்றால்
எல்லாம் நிற்கும்.

புதிய எண்கள் இருக்கின்றனவே,
கடற்கரை மணலுக்கெல்லாம் பெயர் வைத்தாலும் மிஞ்சுமே
என்றான் லா பாஸ் பொறியாளன்.
இருக்கின்றன. செவெரோ வாங்கியும் வைத்திருக்கிறான்.
அமைச்சகத்தின் கணினிக்குத்தான்
பழைய கதவைத் தவிர வேறு கதவு தெரியாது.

ஒரு தரகன் எழுதினான்:
எண்ணுக்கு நாற்பது டாலர், நாளைக்கே.
செவெரோ ரசீதின் பின்புறம் பெருக்கிப் பார்த்தான்.
கம்பத்தை விற்றாலும் கட்டாது.
வரிசையில் நின்றான். நான்கு வருடம்.
நடுவில் மகள் பிறந்தாள், நடந்தாள்,
பேச்சு வந்ததும்
‘வந்துச்சா?’ என்று கேட்கவும் பழகிக்கொண்டாள்.

ஜனவரி மழையில் வந்தது.
இரண்டு வாக்கியம். கையெழுத்தின் இடத்தில் ஒரு வழக்கு எண்.
எழுபத்தேழாவதை மருத்துவ நிலையத்துக்குக் கொடுத்தான்.
லுஸ்மிலா பொத்தானை அழுத்தினாள்.
திரை எதுவும் கேட்கவில்லை.
போயேவிட்டது.
அவள் நம்பாமல் இன்னொரு தடவை அனுப்பினாள்.

அன்றிரவு பதிவேட்டில் ஒரு தட்டல்.
பதினொரு மணிக்கு. பிறகு பன்னிரண்டுக்கு.
மெந்தோசா பக்கம்,
மூடிய ஏதோ விடுதியின் பின்னறையில்
யாரும் அணைக்காமல் போன பெட்டி
எழுபத்தேழைக் கேட்கிறது:
நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

தடுக்கத்தான் வேண்டும்.
செவெரோ விதியை எழுதினான்:
விழட்டும், பதில் வேண்டாம்.
விரல் விசைக்கு மேலேயே நின்றது.
பிறகு ஒரு சொல் சேர்த்தான்:
எண்ணு.

காலையில் எண்ணிக்கை ஏழு.
எட்டாகும் நேரத்தில்
லுஸ்மிலா ஈரக் குடையை உதறிவிட்டு
மருத்துவ நிலையத்தைத் திறந்தாள்.